ஆசானின் மனம் குளிரட்டும்!

காலை வேளையில் படப்பை பேருந்து நிறுத்தத்தில் நின்று பாருங்கள். ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் போகும். சீருடைப் பிள்ளைகள் பள்ளிக்கு ஓடுவார்கள். அவர்களுக்கிடையே, சாப்பாட்டுப் பையும் திருத்திய நோட்டுக் கட்டுமாக ஆசிரியைகள் பஸ்ஸைவிட்டு இறங்குவார்கள். பிள்ளையின் மார்க்கை மனப்பாடமாகச் சொல்லும் நம்மில் எத்தனை பேருக்கு அந்த ஆசிரியையின் பெயர் தெரியும்?

புகார் சொல்லப் பள்ளிக்கூடம் போகிறோம்; நன்றி சொல்ல என்றைக்காவது போனோமா? மக்தபில் அலிஃப், பே சொல்லித்தரும் ஹஜ்ரத்திடமும் நாம் இப்படித்தான்.

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது, "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்" என்று சொல்வது நம்மவர் வழக்கம். அதை ஆசிரியருக்குச் செய்யும் மரியாதை என்று எண்ணினோம். அது மரியாதையா?

முஆவியா இப்னுல் ஹகம் (ரலி) அவர்கள் இஸ்லாத்துக்குப் புதியவர். ஜமாஅத் தொழுகையில் ஒருவர் தும்ம, இவர் வாய்விட்டு துஆச் செய்துவிட்டார். சுற்றியிருந்தோர் முறைத்தார்கள், தொடையில் தட்டி அடக்கினார்கள். தொழுகை முடிந்ததும் அண்ணலார் (ஸல்) அவர்கள், தொழுகையில் மனிதப் பேச்சு கூடாது என்பதை அமைதியாக விளக்கினார்கள். திட்டவுமில்லை, அடிக்கவுமில்லை, அவர்களைவிடச் சிறந்த ஆசிரியரை நான் கண்டதேயில்லை என்று அந்தத் தோழரே சாட்சி சொல்வது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

அறிஞர் இப்னு கல்தூன் (1332–1406) தமது 'முகத்திமா'வில், கடுமையாக வளர்க்கப்படும் பிள்ளை அடிக்குப் பயந்து பொய்யும் சூதும் பழகிவிடும் என்று எச்சரித்தார். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் பள்ளிகளில் உடல் தண்டனையைத் தடுத்தது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மதரஸாக்கள் அந்தச் சட்டத்திலிருந்து விலக்கப்பட்டன. அதனால் பிரம்புக்கு அனுமதி கிடைத்துவிட்டதென யாரும் எண்ண வேண்டாம். சட்டம் விலக்கலாம், அண்ணலாரின் வழிமுறையிலிருந்து நமக்கு விலக்கு ஏது?

ஆனால், பிள்ளையிடம் கனிவு காட்டச் சொல்லும் நாம் ஆசிரியரிடம் கனிவாக இருக்கிறோமா? மாதம் பிறந்தும் சம்பளத்துக்காக நிர்வாகிகளின் முகம் பார்த்து நிற்கிறார் ஒருவர். பெற்றோர் முன்னிலையில் ஏச்சு வாங்கிக்கொண்டு வகுப்புக்குள் நுழைகிறார் இன்னொருவர். அந்தக் கசப்பு கடைசியில் இறங்குவது கடைசி பெஞ்சுப் பிள்ளையின் முதுகில்! அடித்தது நியாயமாகிவிடாது. என்றாலும் அதில் நமக்கும் பங்குண்டு.

ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டு (கி.பி. 624) பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களில், மீட்புத்தொகை கொடுக்க வசதியில்லாத, எழுத்தறிந்த கைதிகள் மதீனத்துப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தால் விடுதலை என்று முடிவாயிற்று. வாளேந்தி வந்த பகைவன் கற்றுக்கொடுத்ததற்கே ஒரு மனிதனின் விடுதலை விலையாக வைக்கப்பட்டது. நம் உஸ்தாதின் உழைப்புக்கு நாம் வைத்திருக்கும் விலை என்ன?

பெற்றோர்களே! இந்த வாரமே பிள்ளையுடன் பள்ளிக்கும் மக்தபுக்கும் சென்று, பிள்ளை கேட்க, "நல்லபடி சொல்லிக்கொடுக்கிறீர்கள், அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்யட்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். குறையிருந்தால் தனியே, தணிவாகச் சொல்லுங்கள். வீட்டில் பிள்ளை முன் ஆசிரியரை இகழாதீர்கள். நிர்வாகிகளே! கூலியைத் தாமதிக்காதீர்கள். மனம் குளிர்ந்த ஆசானிடமே பிள்ளையும் பயமின்றிப் பாடம் கேட்கும்.

கற்பிப்போரைக் கண்ணியப்படுத்தவும், கற்போரிடம் இரக்கம் காட்டவும் வல்ல அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.