கதவு திறக்கும் நேரம்

ஆஸ்திரியாவின் ஸால்ஸ்பர்க் விமான நிலையத்துக்கும் ஜெர்மனியின் கொலோன்-பான் விமான நிலையத்துக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 545 கிலோமீட்டர். ஜெர்மன்விங்ஸ் கம்பெனியின் 2012ஆம் வருஷத்திய அட்டவணைப்படி பயண நேரம் ஒரு மணி பத்து நிமிஷம். முதல் எண் பூமியினுடையது. யார் பறந்தாலும் பறக்காவிட்டாலும் அது அப்படியே கிடக்கும். இரண்டாவது மனிதர்கள் எழுதிக்கொண்டது. ஆகவே வழக்குக்கு உட்பட்டது.

வழக்கும் வந்தது. 2012 மே 11 அன்று பகல் 2:40க்குக் கொலோனில் சேர வேண்டிய விமானம் 5:38க்குத்தான் ஓடுபாதையைத் தொட்டது. நிறுத்துமிடத்துக்கு வந்து நின்றது 5:43க்கு. மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் பயணிக்கு நஷ்டஈடு உண்டென்று ஐரோப்பிய நீதிமன்றம் 2009இலேயே சொல்லியிருந்தது. சக்கரம் தரையைத் தொட்டதுதான் வருகை என்றால் தாமதம் 2 மணி 58 நிமிஷம், கம்பெனி தப்பித்தது. இல்லையென்றால் மூன்று மணியைத் தாண்டிவிடும். பயணிக்கு 250 யூரோ.

இதை வக்கீல்களின் முடிபிளக்கும் வேலை என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. வந்து சேர்தல் என்பது என்ன? ஸால்ஸ்பர்க் நீதிமன்றம் நான்கு விடைகளை முன்வைத்துக் கேட்டது: தரை தொட்ட கணம், நின்ற கணம், கதவு திறந்த கணம், அல்லது இரு தரப்பும் ஒப்பந்தத்தில் பேசிக்கொள்ளும் ஏதோ ஒரு கணம். நான்காவது, உண்மையையே பேரத்துக்கு விடுவது. ஐரோப்பிய நீதிமன்றம் 2014 செப்டம்பர் 4 அன்று மூன்றாவதைத் தேர்ந்தது. அதன் வாதம் கவனிக்கத்தக்கது. பறக்கும்போது பயணி அடைபட்ட ஓர் இடத்தில், பிறர் கட்டளைக்குக் கீழ் இருக்கிறான். வெளியுலகோடு அவனுக்குப் பேச்சு அநேகமாக இல்லை. தன் வீட்டுக் காரியத்தையோ தொழிலையோ பார்க்க முடியாது. வெளியேற அனுமதித்து ஒரு கதவாவது திறக்கும்வரை இந்த நிலை நீடிக்கிறது. ஆக, 545 கிலோமீட்டரையும் கடந்து முடித்த ஒருவன் இன்னும் வந்து சேராதவனாக இருக்கலாம். சர்க்கரை கரையக் காத்திருக்கத்தான் வேண்டும் என்று பெர்க்சன் சொன்ன அந்தக் காலத்தை, கடிகாரத்துக்கு அகப்படாத காலத்தை, நீதிபதிகள் தங்கள் வறண்ட பாஷையில் தொட்டுவிட்டார்கள். தத்துவப் பேராசிரியர்களிடம் இவ்வளவு தெளிவு அபூர்வம்.

ஆனால் விலை பேசும் இடத்தில் பூமியே திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது. 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி 1500 கிலோமீட்டர் வரை 250 யூரோ. ஐரோப்பாவுக்குள்ளேயே அதைத் தாண்டினால் 400. இழந்தது அதே மூன்று மணி நேரம். தொலைவுக்குப் போகிறவனின் மணிக்கு ஏன் கூடுதல் மதிப்பு? டிக்கெட் விலையை வைத்து இதை நியாயப்படுத்தலாம். சிறைப்பட்ட மனிதன் என்ற வாதத்தை வைத்து முடியாது. தவிர, தாமதம் எந்த நேரத்திலிருந்து கணக்காகிறதோ அந்த நேரத்தை எழுதுவது கம்பெனி. அட்டவணையில் முன்கூட்டியே சில நிமிஷங்களைச் சேர்த்து வைப்பது விமானத் தொழிலில் சகஜம். நிதானமாகப் பறந்தாலும் ‘நேரத்தோடு வந்தோம்’ என்று சொல்லிக்கொள்ளலாம். இதைப் பொய் என்று எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்க முடியாது. பயணியின் ஆயுளிலிருந்து அந்த நிமிஷங்கள் கழிந்துவிடுகின்றன, அவ்வளவுதான்.

தீர்ப்பில் 5:38 இருக்கிறது, 5:43 இருக்கிறது. வழக்கையே முடிவு செய்த கதவுக்கு மட்டும் மணி குறிக்கப்படவில்லை. சற்றுப் பின்னர் திறந்தது என்றுதான் எழுதியிருக்கிறார்கள்.