இறந்தவரின் கண்ணும் இருப்பவரின் கடமையும்

வாகன விபத்தொன்றில் தலையில் அடிபட்டு 19 வயது வாலிபர் ஒருவர் மரணமடைந்தார். அவருடைய கண்களிலிருந்து எடுத்த சில உயிரணுக்களை 1986-ல் அமெரிக்காவில் ஏமி ஆட்டாக்கி-கீன் என்னும் ஆராய்ச்சியாளர் வளர்த்தார். அவை மடிந்து போகவில்லை, பெருகத் தொடங்கின. ஏ.ஆர்.பி.இ-19 என்ற பெயரில் உலகின் பல ஆய்வுக்கூடங்களில் இன்றும் பெருகிக்கொண்டிருக்கின்றன. அவர் உயிரோடிருந்த காலத்தைவிட அவருடைய அணுக்கள் வாழ்ந்துவிட்ட காலம் அதிகம்!

இவை விழித்திரைக்குப் பின்னே ஓரணுக் கனத்தில் படர்ந்திருக்கும் நிறமிப் படலத்தைச் சேர்ந்தவை. ஒளியை உணர்வது இவற்றின் வேலையன்று. ஒளியை உணரும் அணுக்களுக்கு உணவூட்டுவதும், அவை நாள்தோறும் உதிர்க்கும் நுனிகளை விழுங்கித் துப்புரவு செய்வதுமே இவற்றின் பணி. இப்படலம் நலிந்தால் மேலேயுள்ள அணுக்களும் நலிந்து பார்வை மங்கும். பார்வையைப் பற்றிப் பேசும்போது இவற்றை யாரும் நினைப்பதில்லை; நாமும் நினைத்ததில்லை.

இனிக் கேள்விக்கு வருவோம். அந்த வாலிபர் எம்மதத்தவராயினும் ஆகுக. மண்ணுக்குப் போக வேண்டிய உடலின் ஒரு பகுதி மேலேயே இருந்து பெருகுகிறதென்றால் அவருடைய அடக்கம் நிறைவேறிவிட்டதா? அந்த அணுக்கள் அவர்தாமா?

அவரல்லர் என்பதே நமது கருத்து. ரூஹு பிரிந்துவிட்டது, கிண்ணத்தில் இருப்பதற்கு நினைவுமில்லை, கேள்வி கணக்குமில்லை. அப்படியானால் அது வெறும் பொருள்தானே, எப்படியும் கையாளலாமே என்று சிலர் அவசரப்பட்டுக் கூறுவர். அதை நாம் ஏற்பதற்கில்லை. வெட்டிய நகமும் களைந்த முடியும் மனிதன் ஆகா. ஆயினும் அவற்றை மண்ணில் புதைப்பது நன்று என்று ஃபிக்ஹு அறிஞர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். மனிதனிலிருந்து பிரிந்தது மனிதனாக இல்லாவிட்டாலும் அதற்கென ஒரு கண்ணியம் உண்டென்பதுதானே இதன் பொருள்?

கண்ணியம் என்றால் தொடாமல் வைப்பது என்றும் நாம் கூறவில்லை. இவ்வணுக்களின் மரபணுவில் மாற்றம் செய்து, ஒரு புரதத்தைச் சுரக்கும்படியாக்கி, சிறு குழாய்க்குள் அடைத்துக் கண்ணுக்குள் பொருத்தும் சிகிச்சைக்கு அமெரிக்க மருந்துத் துறை 2025 மார்ச்சில் அனுமதியளித்தது. விழித்திரையின் மையத்தைத் தாக்கும் அரிதான நோயொன்றுக்கு இது. முன்பின் அறியாத ஒருவருடைய பார்வை கெடுவதை அந்த வாலிபரின் அணுக்கள் மெதுவாக்குகின்றன. இதை ஆகாதென்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

நம்மை உறுத்துவது வேறு. 1951-ல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் புற்றுநோய்க் கட்டியிலிருந்து அணுக்களை எடுத்தபோது அவரிடம் கேட்கவில்லை. இருபதாண்டுகளுக்கு மேல் கழிந்தே அவர் மக்களுக்கு விஷயம் தெரிந்தது. அதற்குள் அவை உலகெங்கும் விலைபோய்விட்டன. ஒரு நிறுவனத்தோடு குடும்பத்தார் 2023-ல்தான் உடன்பாட்டுக்கு வந்தார்கள். மனித உறுப்பை விற்பது ஆகாது என்போர், பெருகும் அணுவுக்கு வாங்கும் பணத்தை என்னவென்பார்கள்? வளர்த்துக் காத்த கூலியென்றால் ஒப்பலாம். அணுவுக்கே விலையென்றால் ஒப்புவதற்கில்லை. பில்லைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிவதும் எளிதன்று.

இன்னொன்றும் உண்டு. கிண்ணம் நிரம்பியதும் மிஞ்சிய அணுக்களை வெளுப்புநீர் ஊற்றிக் கொன்று கழிவோடு கழிவாக அனுப்புவது ஆய்வுக்கூடங்களில் அன்றாட வழக்கம். நகத்தைப் புதைக்கச் சொன்ன அறிஞர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? உலமாக்களிடம் கேட்டிருக்கிறோம்.