சம்பளம் வாங்காத ஊழியனைக் கேள்வி கேட்கலாமா?



இந்த மாதம் உங்கள் முன்னே ஒரே ஒரு கேள்வியை வைக்க விரும்புகிறேன். கேள்வி சின்னதுதான். ஆனால் நேர்மையாகப் பதில் சொல்லப் போனால் கமிட்டிகளில் இருக்கிற நம்மில் அநேகருடைய நாற்காலி கொஞ்சம் ஆடும்.

ஒருவர் காசு வாங்காமல், தன் நேரத்தைக் கொடுத்து, ஊர்விட்டு ஊர் வந்த ஏழை ஜனங்களுக்காக ஒரு டிரஸ்டிலோ சங்கத்திலோ பொறுப்பு வகிக்கிறார். "கணக்கு என்ன? ஏன் இப்படி முடிவு பண்ணினீர்கள்?" என்று அவரைக் கேட்க யாருக்கு உரிமை உண்டு? காணிக்கை கொடுத்தவருக்கு உண்டு என்பீர்கள். அரசாங்கத்துக்கு உண்டு என்பீர்கள். சரி, உதவி வாங்குகிறவருக்கு? அங்கேதான் நமக்கு வாய் அடைத்துப்போகிறது.

இதை நாம் யோசிக்க வேண்டிய அவசியம் என்ன? நம்ம பக்கத்து அணைக்கட்டு ஓரங்களைப் பாருங்கள். தும்பலஅள்ளி அணை ஓரம், ஊத்தங்கரைப் பக்கம் பாம்பாறு அணை ஓரம் (2004இல் மாவட்டம் பிரியும்வரை அதுவும் நம்ம தருமபுரி மாவட்டம்தான்), இலங்கையிலிருந்து வந்த நம் ஜனங்கள் வருஷக்கணக்காய்க் குடியிருக்கிறார்கள். 1983 ஜூலை கலவரத்துக்குப் பிறகு ஒரு கூட்டம், 1990இல் சண்டை மறுபடி தொடங்கியபோது இன்னொரு கூட்டம், 1995க்குப் பிறகும் 2006க்குப் பிறகும் என்று அலை அலையாய் வந்தார்கள். 2021 ஆகஸ்டில் சட்டசபையில் சொன்ன கணக்குப்படி, 1983 முதல் தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் 3,04,269 பேர். அப்போது 108 முகாம்களில் இருந்தவர்கள் 58,822 பேர். அதே மாதம் ரூ.317.40 கோடிக்கு நலத்திட்டங்கள் அறிவித்து, அகதிகள் முகாம் என்ற பெயரையும் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று அரசு மாற்றியது. நல்ல காரியம். வீடு மாறுகிறது, பெயர் மாறுகிறது. ஆனால் ஒன்று மாறவில்லை. அவர்களில் பெரும்பாலோர் இந்த தேசத்தின் குடிமக்கள் அல்ல. 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கையின் பெயர் இல்லை. குடியுரிமை இல்லாததனால் ஓட்டு இல்லை. ஓட்டு இல்லாததனால் எந்த எம்.எல்.ஏ.வும், எந்தக் கவுன்சிலரும் அவர்களுக்குப் பயப்பட வேண்டியதில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

சில வருஷங்களுக்கு முன்பு இப்படிப்பட்ட ஜனங்களுக்கு உதவுகிற ஒரு கமிட்டியின் விழாவுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பெண்களுக்குத் தையல் மெஷின் கொடுக்கிற நாள். மேடையில் பத்துப் பதினைந்து நாற்காலி, சால்வை, மாலை எல்லாம் உண்டு. மெஷின் கொடுத்து முடிந்ததும் ஒரு அக்கா எழுந்து, ரொம்பத் தாழ்மையாகத்தான் கேட்டார்: "ஐயா, மொத்தம் எத்தனை மெஷின் வந்தது எண்டு எங்களுக்கும் சொல்லலாமோ? ஆருக்குக் குடுக்கிறது எண்டு எப்பிடி முடிவெடுத்தனீங்கள்?"

மேடையில் இருந்த பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னம்மா இது? நாங்க என்ன சம்பளம் வாங்கிகிட்டா செய்யறோம்? சொந்தக் காசுல பெட்ரோல் போட்டுகிட்டு வரோம். எங்களையே கணக்கு கேட்கறீங்களா?" என்றார். கூட்டம் கப்சிப். அந்த அக்கா உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெரியவர் திருடர் அல்ல, அதை நான் அறிவேன். ஒரு ரூபாய் எடுத்திருக்க மாட்டார். அதனால்தான் இந்தக் கேள்வி எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. திருடனைப் பற்றி எழுதுவது சுலபம். நல்லவர் ஒருவர், தன் நன்மையையே கேடயமாகப் பிடித்துக்கொண்டு ஒரு ஏழையின் வாயை அடைக்கும்போது அதை என்னவென்று சொல்லுவது?

"சம்பளம் வாங்கவில்லை" என்பது ஒரு பதிலா? பவுல் அப்போஸ்தலனைப் பாருங்கள். அவரும் சம்பளத்துக்காக ஊழியம் செய்தவர் அல்ல. கூடாரம் தைத்து, தன் கைகளாலே தன் தேவைகளையும் தன்னோடிருந்தவர்களுடைய தேவைகளையும் சந்தித்தார் (அப். 18:3; 20:34). அப்படிப்பட்டவர் எருசலேமின் ஏழைகளுக்காகக் காணிக்கை சேர்த்தபோது என்ன செய்தார்? 'நான் அப்போஸ்தலன், என்னைச் சந்தேகப்படுகிறீர்களா?' என்றாரா? இல்லை. தீத்துவை அனுப்பினார். அவனோடு சபைகளே தெரிந்துகொண்ட ஒரு சகோதரனையும் சேர்த்து அனுப்பினார். பணத்தில் தங்கள்மேல் ஒரு குறையும் வராதபடிக்கு, தேவனுக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் சரியாக நடக்கவேண்டும் என்று காரணமும் எழுதினார் (2 கொரி. 8:16-21). 'தேவன் அறிவார், அது போதும்' என்று நாம் சொல்லுகிற இடத்தில், மனுஷரும் அறியட்டும் என்கிறார் பவுல்.

சாமுவேல் இன்னும் ஒரு படி மேலே போனார். வயது சென்று, தலை நரைத்து, பொறுப்பை ஒப்புக்கொடுக்கிற நாளில், ஜனங்கள் கேட்கும்வரை அவர் காத்திருக்கவில்லை. யாருடைய மாட்டை எடுத்தேன், யாருக்கு இடுக்கண் செய்தேன், யாரிடம் பரிதானம் வாங்கினேன், என் முகத்துக்கு நேரே சொல்லுங்கள் என்று தானே கேட்டார் (1 சாமு. 12:1-5). சுத்தமான கை உள்ளவன் கேள்வியைத் தானே வரவழைக்கிறான். மேடையில் கோபப்பட்ட பெரியவருக்கும் கை சுத்தம்தான். அப்படியிருக்க அவருக்கு ஏன் கோபம் வந்தது? தான் கொடுக்கிறவர், அவர்கள் வாங்குகிறவர்கள், வாங்குகிற கை கேள்வி கேட்கக்கூடாது என்று அவர் மனதில் ஒரு வரிசை இருந்தது. பணம் தவறவில்லை, அந்த வரிசையில்தான் கோளாறு.

இனி சட்டம் என்ன சொல்லுகிறது என்று கொஞ்சம் பார்ப்போம். 1975ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஒரு சங்கம் தொடங்க ஏழு பேர் வேண்டும், நிர்வாகக் கமிட்டியில் குறைந்தது மூன்று பேர் இருக்கவேண்டும், அவர்கள் பதவிக்காலம் மூன்று வருஷத்துக்கு மேல் போகக்கூடாது. மறுபடி தேர்தல் வைத்துத்தான் வரவேண்டும். வருஷாவருஷம் கணக்கைத் தணிக்கை செய்து பதிவாளருக்கு அனுப்பவேண்டும். டிரஸ்டு என்றால் கதை வேறு, டிரஸ்டி ஆயுசுக்கும் இருக்கலாம் என்று பத்திரத்தில் எழுதிக்கொள்ள முடியும். வெளிநாட்டுப் பணம் வந்தாலோ 2020 திருத்தத்துக்குப் பிறகு கெடுபிடி அதிகம். டெல்லியில் உள்ள ஸ்டேட் பாங்க் கிளை ஒன்றின் வழியாகத்தான் பணம் வரவேண்டும், நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. எல்லாம் நல்லதுதான். ஆனால் கவனித்தீர்களா? கணக்கு முழுவதும் மேலே போகிறது. பதிவாளருக்கு, ஆடிட்டருக்கு, டெல்லிக்கு, பணம் கொடுத்தவருக்கு. கீழே, மெஷின் வாங்கின அந்த அக்காவுக்கு ஒரு காகிதம் காட்டவேண்டும் என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. சட்டம் கேட்காத இடத்தில்தான் மனச்சாட்சிக்கு வேலை இருக்கிறது.

'அந்த ஜனங்களுக்குக் கமிட்டி நடத்தத் தெரியாது, படிப்பு இல்லை, விவரம் இல்லை' என்று சிலர் சொல்லுவார்கள். இந்தப் பேச்சுக்கு நம் தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது. 1984இல் சென்னையில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் என்ற அமைப்பு ஆரம்பமானது. ஓஃபர் என்று சுருக்கமாய்ச் சொல்லுவார்கள். அதை ஆரம்பித்தவர் எஸ்.சி. சந்திரஹாசன். 'தந்தை செல்வா' என்று இலங்கைத் தமிழர் அழைத்த எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தின் மகன், வழக்கறிஞர், தானும் 1983க்குப் பிறகு அடைக்கலம் தேடி வந்தவர். அகதிகளுக்கான வேலையை அகதிகளே நடத்துவது என்பதுதான் அந்த அமைப்பின் அஸ்திபாரம். முகாம் பிள்ளைகளின் படிப்பு, சுகாதாரம், பெண்களின் சுயஉதவிக் குழு, ஊர் திரும்ப வேண்டுமானால் தேவைப்படுகிற பிறப்புச் சான்றிதழ் முதலான காகிதங்கள், எல்லாவற்றிலும் முகாமில் குடியிருப்பவர்களே தொண்டராய் உழைத்தார்கள்.

1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலையான பிறகு நிலைமை மாறிப்போனது. முகாம்களுக்குள் தொண்டு நிறுவனங்கள் போய்வர அரசு கட்டுப்பாடு வைத்தது. வெளியிலிருந்து காரில் போய்க் கொடுத்துவிட்டு வருகிற எந்தக் கமிட்டியாக இருந்தாலும் அப்படிப்பட்ட நாளில் வாசலிலேயே நிற்கவேண்டியதுதான். உள்ளே குடியிருக்கிறவன் பொறுப்பில் இருந்தால் அவன் ஏற்கெனவே உள்ளே இருக்கிறான். பிற்பாடு 2004 டிசம்பர் 26இல் சுனாமி அடித்தபோது, முகாம்களில் பயிற்சி பெற்ற அகதிகள் நம்முடைய கடலோர ஜனங்களுக்கு ஆறுதல் சொல்லப் போனார்கள். வாங்குகிற கை என்று நாம் நினைத்த கை, நமக்குக் கொடுத்தது.

ஆனால் ஒரு ஆட்சேபம் நியாயமானது, அதைத் தள்ளிவிட முடியாது. உதவி வாங்குகிறவனே கமிட்டியில் உட்கார்ந்தால் தன் வீட்டுக்கு, தன் ஆட்களுக்கு முதலில் எழுதிக்கொள்ள மாட்டானா? எழுதிக்கொள்ளலாம். முகாமிலும் மன்னார்க்காரர், திருகோணமலைக்காரர், மலையகத்தார் என்ற பேதம் உண்டு, அவர்கள் தேவதூதர்கள் அல்ல. ஆனால் நாம் மட்டும் யார்? நம் கமிட்டிகளில் மச்சான், சம்பந்தி, ஒரே ஜாதி என்று இல்லையா? தன் காரியம் பேசப்படும்போது எழுந்து வெளியே போகவேண்டும் என்ற விதியை எல்லாருக்கும் வைக்கலாம். அந்த விதிக்குப் பயந்து ஒரு ஜனத்தையே வெளியே நிறுத்துவது நியாயமல்ல.

ஆதிச்சபையில் இதே பிரச்சினைதான் வந்தது. கிரேக்க பாஷை பேசின யூதருடைய விதவைகள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தது (அப். 6:1-6). அவர்களில் அநேகர் வெளிதேசங்களிலிருந்து வந்து எருசலேமில் தங்கினவர்கள், அந்த ஊருக்குப் புதியவர்கள். அப்போஸ்தலர் 'நாங்கள் சும்மா செய்கிறோம்' என்று சொல்லவில்லை. முறுமுறுத்தவர்களைக் கடிந்துகொள்ளவும் இல்லை. ஏழு பேரை நீங்களே தெரிந்தெடுங்கள் என்றார்கள். அந்த ஏழு பெயர்களையும் வாசித்துப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். (அப்போஸ்தலரிலேயே அந்திரேயா, பிலிப்பு என்று கிரேக்கப் பெயர் உண்டு, ஆகவே பெயரை வைத்து மட்டும் நான் சத்தியம் பண்ணமாட்டேன்.) ஆனால் ஏழாவது ஆளைப் பற்றிச் சந்தேகமே இல்லை. அவன் அந்தியோகியாக்காரன், பிறப்பில் யூதன்கூட அல்ல, மார்க்கத்தில் சேர்ந்தவன். வந்தவனிலும் வந்தவன். அவன் கையில் பந்தியைக் கொடுத்தார்கள். மனக்குறை எங்கிருந்து வந்ததோ அந்தப் பக்கத்துக்கே சாவி போனது என்றுதான் நான் இதை வாசிக்கிறேன்.

நம்ம ஊரிலும் இது தெரியாத காரியமல்ல. பால் சொசைட்டியில் பால் ஊற்றுகிறவன்தான் மெம்பர். கோபாலபுரம் கூட்டுறவு சர்க்கரை ஆலையிலும் கரும்பு போடுகிற விவசாயிக்குப் பங்கு உண்டு, சட்டப்படி ஓட்டும் உண்டு. 'அவன் பால் ஊற்றுகிறான், கரும்பு போடுகிறான், இவர்கள் என்ன போடுகிறார்கள்?' என்று கேட்பீர்களானால், நம்முடைய நோட்டீசுகளை எடுத்துப் பாருங்கள். யாருடைய போட்டோவைப் போட்டு, யாருடைய கண்ணீரைச் சொல்லிக் காணிக்கை கேட்கிறோம்? அந்தப் பெயரும் கண்ணீரும் அவர்கள் போட்ட முதல்.

இப்போது அந்த ஓட்டு விஷயத்துக்கு வருகிறேன். பஞ்சாயத்துக்கு ஓட்டு இல்லை, சட்டசபைக்கு இல்லை, பார்லிமெண்டுக்கு இல்லை. இப்படிப்பட்ட ஒரு மனுஷனுக்கு, தன்னை ஆளுகிற யாரையாவது கை தூக்கித் தெரிந்தெடுக்க இந்த மாவட்டத்தில் ஒரு இடம் இருக்க முடியுமானால், அது அவனுக்கு உதவுகிற சங்கத்தின் கமிட்டி ஒன்றுதான். அதையும் நாம் மூடி வைத்திருக்கிறோம். ஓட்டலிலும் கட்டட வேலையிலும் வந்து சேர்ந்திருக்கிற பீகார், ஒடிசா பிள்ளைகளுக்கும் கிட்டத்தட்ட இதே நிலைதான். அவர்களுக்கு ஓட்டு உண்டு, ஆனால் அது ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறது. நம்ம அரூர் பிள்ளைகள் பெங்களூரிலும் திருப்பூரிலும் கேரளாவிலும் அப்படித்தானே போய் நிற்கிறார்கள்? அந்நியனுடைய மனசு எப்படியிருக்கும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை (யாத். 23:9).

'சரி பிரதர், இரண்டு பேரைப் போட்டுவிட்டோம், அவர்கள்தான் மீட்டிங்குக்கு வரமாட்டேன் என்கிறார்கள்' என்று ஒரு சங்கத்துச் செக்ரட்டரி என்னிடம் சொன்னார். மீட்டிங் எப்போது என்று கேட்டேன். புதன்கிழமை காலை 11 மணி, டவுனில், ஏ.சி. ஹாலில் என்றார். முகாமில் ஆண்கள் பெயிண்ட் அடிக்கிறார்கள், சித்தாள் வேலைக்குப் பெண்கள் போகிறார்கள். காலை ஏழு மணிக்குப் போனால் சாயங்காலம்தான் திரும்புகிறார்கள். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை, பஸ் சார்ஜும் கைக்காசு. "ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, மூன்று மணிக்கு, முகாம் பள்ளிக்கூடத்திலேயே பாய் போட்டு வைத்தால் என்ன?" என்றேன். அங்கே மின்விசிறி இல்லையே, நம்ம மெம்பர்களெல்லாம் வயசானவர்கள், தரையில் உட்கார மாட்டார்களே என்றார்.