முழந்தாளிட இயலாதவருக்கு ஒரு கதிரை



ஆரையம்பதியிலே வயது சென்ற தாயொருவர் பூசை முடிந்தபின் என்னிடம் வந்தார். "சுவாமி, முழந்தாளில நிக்க ஏலாமக் கிடக்கு. ஆண்டவர் கோவிப்பாரோ?" என்று கேட்டார். மூட்டுவாதம் அவருடைய முழங்கால்களையும் கைவிரல்களையும் முடக்கியிருந்தது. மருந்துண்டா என்று விசாரித்தேன். மகன் ஒழுங்காக வாங்கிக் கொடுக்கிறாராம். இல்லாதவை வேறு: பிடித்து எழும்பக் கைபிடியுள்ள ஒரு கதிரை, கிணற்றில் தண்ணீர் அள்ளித்தர ஓர் ஆள்.

அவருடைய கேள்விக்கு மறுமொழி எளிது. உடல்நலக் குறைவால் முழந்தாளிட இயலாதவரைத் திருச்சபை வற்புறுத்துவதில்லை. நோயினால் வர முடியாதவருக்கு ஞாயிறு பூசைக் கடனுமில்லை. பாப்பரசர் பிரான்சிஸ் அவர்களே 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் முழங்கால் நோவினால் சக்கர நாற்காலியில் மக்கள் முன் வந்தார். ஆகவே அந்தத் தாய் கலங்க வேண்டியதில்லை. கலங்க வேண்டியவர்கள் நாம்.

லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பதினெட்டு வருடங்களாக நிமிர முடியாதிருந்த ஒரு பெண் செபக்கூடத்திலே இருக்கிறாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. நமதாண்டவரே அவளைக் கண்டு, கூப்பிட்டு, குணமாக்குகிறார். ஓய்வுநாளில் இப்படிச் செய்யலாமா என்று செபக்கூடத் தலைவன் கோபிக்கிறான். ஓய்வுநாளிலும் உங்கள் மாட்டையும் கழுதையையும் அவிழ்த்துத் தண்ணீர் காட்டுவதில்லையா என்று ஆண்டவர் கேட்கிறார்.

மாட்டின் தாகத்தை நாளைக்கென்று ஒத்திவைப்பவர் நம்மிலும் எவருமில்லை. ஆனால் அம்மாவின் கதிரையை எத்தனை மாதம் ஒத்திவைக்கிறோம்? அவர் கேட்கவில்லையே என்கிறோம். பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடுவோமென்று அஞ்சி வாய் திறவாதிருப்பவர்கள் இவர்கள். கேட்குமுன் காண்பதே கிறிஸ்தவ அன்பு.

நோயைக் குணமாக்கும் வல்லமை நம்மிடமில்லை. ஆனால் சில கட்டுகளை அவிழ்க்கலாம். பாயில் படுத்தவர் எழும்பப் படும் பாட்டை ஓர் உயரமான கட்டில் தீர்க்கும். திருவலையில் குந்தியிருந்து தேங்காய் திருவுவதை இளையவர் ஒருவர் ஏற்கலாம். போத்தல் மூடியை முன்கூட்டியே தளர்த்தி வைக்கலாம். அகப்பைக் காம்பில் துணி சுற்றித் தடிப்பாக்கினால் நோகும் விரல்களும் பிடிக்கும். மலசலகூடத்துச் சுவரில் ஒரு கைபிடி போடலாம். காலையில் மூட்டுகள் இறுகி நிற்கும்; அந்நேரம் அவசரப்படுத்தாதீர்கள், சோம்பலென்று ஏசாதீர்கள். இந்நோய் முதியோருக்கு மட்டுமல்ல, இளந்தாய்மாருக்கும் வரும்.

எல்லா வேலையையும் பறித்து ஒரு மூலையில் இருத்துவதும் அன்பல்ல. கதிரையில் இருந்தபடி மரக்கறி வெட்ட விரும்புகிறவரை வெட்ட விடுங்கள். தாம் இன்னும் குடும்பத்துக்கு வேண்டியவரென்ற நினைவு அவருக்கு உணவைப்போல் அவசியம்.

மண்முனைத் துறையில் ஒருகாலம் படகுப்பாதைக்குக் காத்திருந்தோம். 2014இல் பாலம் திறக்கப்பட்டது. வாவியைக் கடப்பது இலகுவாயிற்று. ஆனால் கோவில் வாசற்படி இரண்டைக் கடக்க முடியாதவர் நம் அயலிலே இருக்கிறார். அந்தப் படியருகே நீட்டப்படும் ஒரு கைதான் அவருக்குப் பாலம். அயலவர் கந்தசுவாமி கோவிலுக்குப் போகிறவராயினும் அதே கையை நீட்டுங்கள். மூட்டு நோவுக்குச் சமயபேதமில்லை.

எனவே ஒவ்வொரு கோவிலிலும் முன்வரிசையில் சில கைபிடிக் கதிரைகள் இருக்கட்டும். எழும்பி வர முடியாதவரிடம் நற்கருணை ஆண்டவரைக் கொண்டுசெல்ல நாம் குருக்கள் தயங்காதிருப்போமாக. வீட்டிலே இன்றிரவு செபமாலைக்கு எல்லாரும் முழந்தாளிடுமுன், முழந்தாளிட முடியாதவருக்கு முதலில் ஒரு கதிரையை எடுத்து வையுங்கள். உங்கள் செபம் அங்கேயே தொடங்கிவிட்டது. ஆமென்.