இரங்குவதும் இடமளிப்பதும்

கொச்சி நகரைச் சேர்ந்த பள்ளுருத்தியில் அழகியகாவு பகவதி கோயில் உள்ளது. அங்கே தனு மாதத்தின், அதாவது நம் மார்கழியின், கடைசி வியாழக்கிழமையில் கூடும் சந்தைக்குப் 'புலவாணிபம்' என்று பெயர். பாயும் கூடையும் அங்கே விலைபோகும். கோயிலை நெருங்கவும் தடைசெய்யப்பட்டிருந்த புலையர் குல மக்கள், ஆண்டில் அந்த ஒரு நாள் மட்டும் உள்ளே வந்து வழிபடவும், தம் கைவினைப் பொருள்களை விற்கவும் கொச்சி அரசர் அனுமதி அளித்தார் என்பது மரபுச் செய்தி. அனுமதித்தவர் நல்ல மனம் படைத்தவராகவே இருந்திருக்கலாம். ஆயினும் மறுநாள் வெள்ளிக்கிழமையன்று அம்மக்களின் நிலை என்ன?

மாற்றுத்திறனாளி ஒருவர் வேலை தேடிச் செல்லும் இடங்களிலும் இக்கேள்வி எழுகிறது. அவரைக் கண்டு இரங்குவோர் பலர். அந்த இரக்கம் பொய்யும் அன்று. ஆனால், விண்ணப்பம் கைக்கு வந்ததும் அந்த இரக்கமே குறுக்கே நிற்கிறது. 'பாவம், இவரை ஏன் சிரமப்படுத்த வேண்டும்?' என்று வேலையை மறுப்பவர், தம்மைக் கருணை உள்ளவராகவே எண்ணிக்கொள்கிறார். வெறுப்பினால் மறுப்பவரையாவது திருத்திவிடலாம். இவரைத் திருத்துவது எளிதன்று.

பள்ளுருத்தியிலிருந்து தோப்பும்படி வழியே சென்றால் எர்ணாகுளத்தை அடையலாம். அங்குள்ள கேரள உயர் நீதிமன்றத்திற்கு வந்த லீசம்மா ஜோசப் வழக்கு இவ்விஷயத்தில் சிந்திக்கத் தக்கது. போலியோவினால் கால் பாதிக்கப்பட்ட அவர், அரசுப் பணியிலிருந்த தம் சகோதரர் மறைந்ததனால், 1996-இல் காவல்துறையில் தட்டச்சராக நியமனம் பெற்றார். நிர்வாக மொழியில் இதற்குக் 'கருணை நியமனம்' என்றே பெயர். பின்னர், 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாற்றுத்திறனாளிகளுக்குப் பதவி உயர்விலும் ஒதுக்கீடு உண்டென்று அவர் உரிமை கோரினார். அவர் பணியில் சேர்ந்ததே அந்த ஒதுக்கீட்டின் வழியாக அன்றே என்பது அரசுத் தரப்பின் வாதங்களுள் ஒன்று. நிர்வாகத் தீர்ப்பாயம் அவர் கோரிக்கையை ஏற்கவில்லை. உயர் நீதிமன்றம் 2020 மார்ச்சில் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 28 அன்று அதனை உறுதி செய்தது. எந்த வாயில் வழியே வந்தார் என்பதைக் காட்டி உரிமையை மறுத்தல் ஆகாது என்பதே முடிவு.

கருணையால் உள்ளே வந்தவர் உரிமை கேட்கலாமா? கேட்டால் நன்றி மறந்தவராகி விடுவாரா? ஆயுள் முழுவதும் பணிவை எதிர்பார்க்கும் உதவி, வட்டிக்குக் கொடுத்த கடனையன்றோ ஒத்திருக்கிறது!

பணிமூப்பு வரிசையில் காத்திருக்கும் இன்னோர் ஊழியருக்கு இதனால் வருத்தம் நேராதா என்னும் வினாவும் நியாயமானதே. அவர் குறையை அற்பமென்று தள்ளிவிடுதல் கூடாது. ஆனால் அந்த வரிசை எப்படி அமைந்தது என்றும் பார்க்க வேண்டும். படியேற இயலாதவருக்கு மாடியில் தேர்வு வைத்தால், தோற்றது அவர் திறமையா, படிக்கட்டா? சாய்தளமும், கணினித் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருளும் சலுகைகள் அல்ல; கண்பார்வை உள்ளவருக்கு மின்விளக்குப் போட்டுக் கொடுப்பதை எவரும் சலுகை என்பதில்லையே!

2016-ஆம் ஆண்டின் புதிய சட்டம், அரசுப் பணிகளில் 3 சதவீதமாக இருந்த ஒதுக்கீட்டை 4 ஆக்கியது. தனியார் நிறுவனங்களுக்கோ அது ஊக்கமளிப்பதோடு நின்றுவிட்டது, கட்டாயம் ஏதுமில்லை. வேலை தேடுவோர் பெரும்பாலும் நாட வேண்டியிருப்பது அத்தகைய நிறுவனங்களையே. அங்கே வாயில் திறப்பது இன்றும் முதலாளியின் மனநிலையைப் பொறுத்தே இருக்கிறது. வியாழக்கிழமை என்று வரும் என்பது விண்ணப்பித்தவருக்குத் தெரியாது.