காப்பவர் திருவடி

தமிழகக் கோயில் சுவர்களில் பொறிக்கப்பட்ட கொடைக் கல்வெட்டுகள் பலவற்றின் இறுதியில், கொடையைப் பின்வரும் தலைமுறைகளிடம் ஒப்படைத்துக் காக்குமாறு வேண்டும் ‘ஓம்படைக்கிளவி’ என்னும் பகுதி அமைந்திருக்கும். இந்த அறத்தைக் காப்பவரின் திருவடி தன் தலைமேல் இருப்பதாகக் கொடையாளி அதில் உரைப்பது வழக்கம். உரைப்பவர் அரசராகவோ படைத்தலைவராகவோ இருக்கலாம்; அவரால் வணங்கப்படுபவர் இன்னும் பிறக்காத, பெயரும் குலமும் அறியப்படாத ஒருவர். செப்பேடுகளில் காணப்படும் வடமொழிச் சுலோகங்கள் இக்கருத்தை மேலும் ஒரு படி உயர்த்தி, கொடுத்தலினும் காத்தலே சிறந்தது என்றும், கொடுத்தவர் சுவர்க்கம் அடைய, காத்தவர் வீழ்ச்சியில்லாத நிலையை அடைகிறார் என்றும் கூறுகின்றன. ஓர் ஊரின் பழமையைப் பதவியோ அதிகாரமோ இன்றிக் காத்து மறைந்த ஒருவரை எவ்வாறு நினைவுகூர்வது என்ற வினாவை இந்த மரபின் துணைகொண்டு ஆராய்வது பொருந்தும்.

காத்தல் ஏன் உயர்ந்ததாகக் கருதப்பட்டது என்பதற்கு நந்தாவிளக்குக் கொடைகளே விளக்கம் தருகின்றன. இரவும் பகலும் அணையாது எரிய வேண்டிய இவ்விளக்குக்காக 90 அல்லது 96 ஆடுகள் இடையரிடம் ஒப்படைக்கப்பட்டன. அவற்றின் நெய்யை அவர் நாள்தோறும் உழக்கு என்னும் அளவால் அளந்து கோயிலுக்குத் தந்தார். கல்வெட்டுகள் இந்த ஆடுகளை ‘சாவா மூவாப் பேராடு’ என்று குறிக்கின்றன. ஆடுகள் சாகவும் செய்யும், மூப்படையவும் செய்யும். இறந்தவற்றின் இடத்தைக் குட்டிகளைக் கொண்டு நிரப்பி எண்ணிக்கை குறையாமல் இடையர் பேணியதனால்தான் மந்தைக்கு முதுமையில்லை. கொடுப்பது ஒருநாள் செயல், காப்பது நாள்தோறும் புதிதாகச் செய்ய வேண்டிய செயல். நிலைபேறு என்பது இந்த இரண்டாவது செயலைச் சார்ந்தே இருக்கிறது.

எழுத்துக்கும் இதே நெறி பொருந்தும். திருமழபாடிக் கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட முதலாம் இராசராசன் ஆணையிட்டபோது, சுவரிலிருந்த பழைய கல்வெட்டுகள் முதலில் புத்தகத்தில் படியெடுக்கப்பட்டு, முதலாம் இராசேந்திரன் காலத்தில் புதிய சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. இடிபடவிருந்த கல்லின் முன் அமர்ந்து, தமக்கு முன் வாழ்ந்தோரின் கொடைகளை வரி பிசகாமல் எழுதிக்கொண்ட அந்த எழுத்தர்களை உள்ளூர் வரலாற்றார்வலர்களின் முன்னோர் என்றே கொள்ளலாம்.

அவ்வழியில் வந்தவர் சென்னையின் வரலாற்றை எழுதிய எஸ். முத்தையா. செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் 1930இல் பிறந்து, கொழும்பில் பத்திரிகையாளராகப் பணியாற்றி, 1968இல் சென்னைக்கு வந்த அவர், 1981இல் வெளியிட்ட ‘மெட்ராஸ் டிஸ்கவர்ட்’ என்னும் நூலைப் பதிப்புதோறும் விரித்துக்கொண்டே சென்றார். 1991இல் அவர் தொடங்கிய ‘மெட்ராஸ் மியூசிங்ஸ்’ என்னும் மாதமிருமுறை இதழ், பழங்கட்டடங்கள் இடிக்கப்படுவதற்கு எதிராகத் தொடர்ந்து குரல் எழுப்பியது. 2004இல் நண்பர்களுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய ‘மெட்ராஸ் நாள்’, தன்னார்வலர்கள் தத்தம் பொறுப்பில் நடத்தும் மரபுநடைகளாகவும் உரைகளாகவும் கண்காட்சிகளாகவும் விரிந்தது. 2019 ஏப்ரலில் அவர் மறைந்தார். ‘தி ஹிந்து’வில் 1999 முதல் அவர் எழுதிவந்த பத்தியில், அஞ்சலில் வந்த வாசகர் கடிதங்களுக்கென்றே ஓர் இடம் இருந்தது, தாம் எழுதியதை மறுத்தும் நிரப்பியும் வந்த செய்திகளை அவர் அங்கே வெளியிட்டார். அவருடைய பணிகளுள் இதுவே மிக உயர்ந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. ஊரின் நினைவைத் தனியுடைமையாகக் கருதாத ஒருவருக்கே அது கைகூடும்.

இத்தகையவரை நினைவுகூர்வதில் ஓர் உண்மையான இடர்ப்பாடு உண்டு. ஆநிரை மீட்டு வீழ்ந்தவனுக்கு எடுக்கப்பட்ட நடுகல், வில்லும் வாளும் ஏந்திப் பொருத அவனது இறுதிக் கணத்தைச் செதுக்கிக் காட்டும். பல பத்தாண்டுகள் வாரந்தோறும் எழுதியும் திருத்தியும் வந்த வாழ்வில் அவ்வாறு செதுக்குவதற்குரிய ஒற்றைக் கணம் இல்லை. டென்மார்க் நாட்டு மெய்யியலாளர் கீர்க்ககோர், ‘அன்பின் செயல்கள்’ என்னும் 1847ஆம் ஆண்டு நூலில், இறந்தவரை நினைப்பதே தன்னலம் கலவாத அன்பு என்று வாதிட்டார். இறந்தவர் எதையும் திருப்பித் தர இயலாது, கேட்டு வற்புறுத்தவும் இயலாது என்பது அவர் காட்டிய காரணம். ஓம்படைக்கிளவியின் நோக்கு இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது. அங்கே இறக்கப்போகிறவர் பிறக்கப்போகிறவரை நம்பி வணங்குகிறார். கீர்க்ககோரின் இந்த வாதம் மறைந்தவர்மீது நாம் கொள்ளும் அன்பை நோக்குகிறது. கல்வெட்டோ மறைந்தவர் எதை ஒப்படைத்தார் என்று கேட்கிறது. இரண்டாவதன் பக்கமே நியாயம் மிகுதி எனலாம். காவலர் ஒருவரை மட்டும் போற்றிவிட்டு, காவல் அவரோடு முடிந்தது என்று பிறர் ஒதுங்கிக்கொண்டால், போற்றுதலே அவர் பணிக்குத் தடையாகிவிடும்.

ஆகவே, முத்தையா நிறுத்திய இடத்தில் அவரைத் திருத்துவதும் நன்றியின் ஒரு வடிவமாகிறது. மெட்ராஸ் நாளாகக் கொள்ளப்படும் ஆகஸ்ட் 22, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1639இல் கடற்கரை நிலம் வழங்கப்பட்டதைக் குறிக்கிறது. மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஊர்களாக விளங்கியவை என்ற மறுப்பு நியாயமானது. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலில் உள்ள பல்லவன் தந்திவர்மன் காலக் கல்வெட்டு அந்த நிலக்கொடைக்கு ஏறத்தாழ 800 ஆண்டுகள் முற்பட்டது. கோயில் நிலம் அடகு வைக்கப்பட்டு இறைவனுக்குரிய அமுதுபடி குறைந்துபோனதையும், புகழ்த்துணை விசையரையன் என்பவர் அந்நிலத்தை மீட்டுப் படையலை மீண்டும் நடைபெறச் செய்ததையும் அது கூறுகிறது. பிறர் நிறுவிய ஓர் அறம் நின்றுபோகாமல் காத்த ஒருவரின் பெயரைத் தாங்கிய இக்கல்வெட்டை, ஆகஸ்ட் மாத மரபுநடைகளை இன்று நடத்துவோர் தம் வழியில் சேர்த்துக்கொண்டால், முத்தையாவின் பத்திக்கு இன்னொரு வாசகர் கடிதம் வந்து சேர்ந்ததாகக் கொள்ளலாம்.