தகுதிக் கற்கள்

மனிதன் தன் உடன்மனிதனை எந்த அளவுகோலால் அளக்கிறான்? குருமட வகுப்பறையில் பலமுறை விவாதித்த வினா இது. ஆனால் அதற்கு ஓர் அரசு தந்த விடையைக் கல்லிலேயே பொறித்து வைத்திருக்கக் கண்டது கொரியத் தலைநகர் சியோலில்தான். திருப்பயணம் சென்றிருந்தபோது, ஒரு நாள் நகரைச் சுற்றிப் பார்க்க ஒதுக்கப்பட்டிருந்தது. காலையில் அரண்மனை, நண்பகலில் சந்தை, மாலையில் மறைசாட்சிகளின் கொலைக்களம் என அந்நாள் அமைந்தது.

கியோங்போக்குங் அரண்மனையை ஜோசோன் அரச மரபு 1395ஆம் ஆண்டு எழுப்பியது. 1592இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது அது எரிந்துபோயிற்று. 270 ஆண்டுகளுக்கு மேல் பாழாய்க் கிடந்தபின், 1865இல்தான் மீண்டும் கட்டத் தொடங்கினார்கள். இருபதாம் நூற்றாண்டில் ஜப்பானிய ஆட்சி அதன் பெரும்பகுதியை இடித்தது. இன்று நாம் காண்பவற்றுள் பல, 1990க்குப் பின் புதிதாய் எழுப்பப்பட்டவை.

அரியணை மண்டபத்தின் முன்னே கல் பாவிய பரந்த முற்றம் ஒன்று உண்டு. அதன் நடுவே சற்று உயர்ந்த பாதை. அது அரசருக்கு உரியது. பாதையின் இருமருங்கிலும் குட்டையான கற்கள் வரிசையாக நிற்கின்றன. முதல் நிலை தொடங்கி ஒன்பதாம் நிலை வரை அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளது. கிழக்கே ஆட்சித்துறையினர், மேற்கே படைத்துறையினர் என, ஒவ்வோர் அலுவலரும் தமக்குரிய கல்லருகே நிற்க வேண்டும். உழவருக்கும் கைவினைஞருக்கும் அங்கே கல் இல்லை. இறைச்சி வெட்டும் தொழில் செய்த பேக்ஜோங் மக்களோ சமுதாயத்தின் கணக்கிலேயே சேராதவர்கள்.

இன்று அம்முற்றத்தில் வேடிக்கையான காட்சி ஒன்றைக் கண்டேன். மரபுவழிக் கொரிய உடை அணிந்து வருவோருக்கு அரண்மனையில் நுழைவுக் கட்டணம் இல்லை. எனவே இளைஞர் பலர் அரச உடையை வாடகைக்கு எடுத்து அணிந்து, அரசர் நடந்த பாதையில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். மாலையில் உடையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மனிதர் தம் பெருமையெனக் கருதும் பலவும் இப்படி வாடகைப் பொருள்தானோ என்று எண்ணிக்கொண்டேன்.

அங்கிருந்து நாம்தேமுன் சந்தைக்குச் சென்றோம். ஜின்செங் வேர், உலர்ந்த கடற்பாசி, துணிமணி, பாத்திரம் என நெருக்கியடித்த கடைகள். ஒரு மூதாட்டி, சர்க்கரைப் பாகு பொதிந்த மாவு அப்பத்தைத் தட்டிச் சுட்டுக்கொண்டிருந்தார். இங்கே தகுதிக் கல் எதுவும் இல்லை. எவரும் எவரோடும் தோள் உரசி நடக்கலாம். அரண்மனையைவிடச் சந்தை நேர்மையானது என்று தோன்றியது. ஆனால் சந்தையிடமும் ஓர் அளவுகோல் உண்டு. பிறப்பைக் கேளாத சந்தை, பணப்பையைக் கேட்கிறது.

சந்தையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில்தான் சொசொமுன் கொலைக்களம் உள்ளது. மக்கள் கண்டு அஞ்ச வேண்டுமென்று, கூட்டம் கூடும் சந்தைவழியருகே தண்டனைகளை நிறைவேற்றினார்கள். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1984இல் சியோலிலேயே புனிதராக அறிவித்த 103 மறைசாட்சிகளுள் 44 பேர் இங்கு உயிர்நீத்தவர்கள். 2014 ஆகஸ்டு 16 அன்று அந்த அரண்மனை வாயிலின் முன்னேயே திருத்தந்தை பிரான்சிஸ் அருளாளர் நிலைக்கு உயர்த்திய 124 பேருள் 27 பேரும் இங்கேதான் கொலையுண்டனர்.

கொரியத் திருச்சபையைத் தோற்றுவித்தவர்கள் குருக்கள் அல்லர், பொதுநிலையினர். சீனத்திலிருந்து வந்த மறைநூல்களைப் படித்த அறிஞர்கள் தம்முள் ஒருவரான யி சுங்-ஹுனைப் பெய்ஜிங்குக்கு அனுப்பினார்கள். அவர் 1784இல் திருமுழுக்குப் பெற்றுத் திரும்பி, மற்றவர்களுக்கும் அதனை வழங்கினார். அவர்களுள் பலர் தகுதிக் கல் அருகே நிற்கும் உரிமை பெற்ற உயர்குடியினர்.

அவ்வுயர்குடியினரின் கூட்டத்துக்குள் பேக்ஜோங் குலத்தவரான ஹுவாங் இல்-குவாங் வந்து சேர்ந்தார். வெளியே எவரும் தீண்டத் தயங்கிய அம்மனிதரை, நம்பிக்கை கொண்டோர் தம் வீட்டுக்குள் அழைத்து உடன் அமர்த்தினார்கள். தமக்கு இரண்டு விண்ணகங்கள் உண்டு, ஒன்று இறந்தபின் வருவது, மற்றொன்று இங்கே இவர்கள் நடுவில் தாம் நடத்தப்படும் முறை என்று அவர் சொல்லி வந்தாராம். 1802இல் அவரும் கொல்லப்பட்டார். 2014இல் அருளாளர் ஆனவர்களுள் அவரும் ஒருவர்.

அவருக்கு முதல் விண்ணகத்தைக் கொண்டுவந்தவர்கள் வானதூதர்கள் அல்லர். சற்று நகர்ந்து அமர்ந்து இடம்விட்ட மனிதர்கள். அதற்காக அவர்கள் தம் கல்லை விட்டு இறங்க வேண்டியிருந்தது. சுற்றத்தாரின் வெறுப்பையும் ஏற்க வேண்டியிருந்தது.

இங்கே என் குறை ஒன்றை நான் மறைத்தல் தகாது. பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பங்கு ஒன்றில், கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர் இருந்தது. இப்புறம் ஒரு சாதியார், அப்புறம் மற்றொரு சாதியார். ஆண்டுதோறும் நவம்பர் 2ஆம் நாள் இருபுறமும் சென்று கல்லறைகளை மந்திரித்தேன். இருபுறமும் ஒரே செபத்தைத்தான் சொன்னேன். சுவரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பங்கின் அமைதி கெடுமே என்று அஞ்சினேன்; அந்த அச்சத்துக்கு விவேகம் என்று பெயரிட்டுக்கொண்டேன்.

அமைதி காப்பதும் அன்புதானே என்று கேட்கலாம். ஆம், ஆனால் யாருடைய அமைதி? சுவரின் அப்புறத்தாரிடம் நான் அதைக் கேட்டதே இல்லை. விவேகம் என்பது நல்ல இலக்கை அடையத் தக்க வழியைத் தேர்வது என்கிறார் புனித தாமஸ் அக்குவினாஸ். காலம் பார்த்துப் பேசுவதும், ஒவ்வோர் இல்லமாகச் சென்று மனங்களைப் பக்குவப்படுத்துவதும் விவேகம். இலக்கையே மறந்துவிடுவதற்கு அப்பெயர் பொருந்தாது. கடவுள் முன் அனைவரும் சமம் என்று போதித்த நான், அச்சமத்துவத்தை மறுமைக்கு ஒத்திவைத்தேன். ஹுவாங்கின் இரண்டு விண்ணகங்களுள் ஒன்றை என் மக்களுக்கு மறுத்தேன்.

பொன் மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இருக்கை தந்து, ஏழையை அங்கே நில் என்று சொல்வோரை யாக்கோபு தம் திருமுகத்தில் கடிந்துகொள்கிறார். அவர் பேசியது அரண்மனையைப் பற்றியன்று, வழிபாட்டுக் கூட்டத்தைப் பற்றி. அரசன் முற்றத்துத் தகுதிக் கற்கள் இன்று வெறும் காட்சிப் பொருள்கள். நம் ஆலயங்களிலும், தேர்ப்பவனி செல்லும் தெருக்களிலும், மண வீடுகளிலும், கல்லறைகளிலும் எழுத்துப் பொறிக்காத கற்கள் இன்னும் நிற்கின்றனவா என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்வோம்.

அக்கல்லறைச் சுவரைக் கட்டியவர் யாரென்று நான் அறியேன். அதனைக் காத்தவர்களுள் நானும் ஒருவன் என்பதை மட்டும் சொசொமுன் திடலில் முழந்தாளிட்டபோது அறிந்துகொண்டேன்.